இடது வளைவில் தண்ணீர்

"ஏம் புள்ள, டேங்குல பாதிக்குப் பெட்ரோல் இருக்கறப்ப வண்டி எப்படிப் பட்டினி கெடக்கும்?" என்று ஒரு நாள் நவநீதன் தாரணியிடம் கேட்டார். பந்தயக் காருக்கு டர்போ ஏற்றியவர் அவர். அவருடைய பட்டறையில், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களைக் கழுவுகிறவள் தாரணி. "வண்டி பட்டினி கெடக்குதுங்கண்ணா" என்று அவள் மெதுவாகச் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி.

இடது வளைவில் மட்டும் வண்டி இருமியது. டர்போ காற்றைத் திணிக்கும்போது பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் வெந்துவிடும். போன மாதம் அப்படித்தான் ஒரு பிஸ்டன் உருகியது. அதன்பின் பெரிய பம்ப், தடித்த குழாய், புது இஞ்செக்டர் எல்லாம் மாட்டியும் இருமல் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

தாரணி ஒரு பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து மூடி, அதன் ஒரு முனையில் மார்க்கரால் கோடு போட்டாள். கோடு இடது பக்கம் வரும்படி டேஷ்போர்டில் குறுக்காகப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுங்கண்ணா."

"என்ன புள்ள, மை போட்டுப் பாக்கறியா?" என்று சிரித்தபடி அவர் பட்டறைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வேகமாக இடப்பக்கம் வளைத்தார். தண்ணீர் முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கியது. கோட்டருகே வெறும் காற்று.

"பாட்டிலுதான் டேங்குன்னா, கோடுதானுங்க அதுல இடது ஓரத்துல இருக்கற நம்ம பம்ப்பு. பெருசா மாட்டுனா காத்தத்தான் பெருசா உறிஞ்சும். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு சின்ன டேங்க் வச்சா, அது எந்நேரமும் ரொம்பியே நிக்குமுங்க, வளைவுல எஞ்சின் அதுலருந்து குடிச்சுக்கும்."

அவர் மறுபடி வளைத்தார். இன்னொரு தடவையும் வளைத்தார். பிறகு சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெல்டிங் மேடைப் பக்கம் நடந்தார்.