முதுகில் எண்ணெய்

மசாஜ் கல்லூரியில் ஜோடி ஜோடியாகத்தான் பயிற்சி செய்வார்கள். கடைசியாகச் சேர்ந்தவளுக்கு ஜோடி அமையவில்லை. அதனால் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஆசிரியையே அவளுக்குத் துணைக்கு வருவார். விடுதியிலும் அவளுக்குத் தனி அறைதான். அம்மா இறந்தபின் அவளைத் தொட்டுப் பேச ஆளில்லை.

அன்று மேஜையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தாள். வெதுவெதுப்பான கைகள் தோளில் இறங்கி, நாள்பட்ட இறுக்கத்தைத் தேடிப் பிடித்து நீவிவிட்டன. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கைகள் துண்டைப் போர்த்திவிட்டு விலகிய சற்று நேரத்தில் ஆசிரியை மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"வீட்டுக்குப் போயிட்டு வர்ற வழியில பஸ் பாதியில நின்னுடுச்சும்மா. தனியாவா படுத்திருந்தே?"

துண்டை விலக்கியவர், எண்ணெய் மினுங்கும் முதுகைப் பார்த்துத் திகைத்தார். "வெளியே ஈ காக்கா இல்லையே, யாரு தேய்ச்சுவிட்டா?"

"தெரியலை டீச்சர்." அவள் முகத்தைத் தூக்கவில்லை. "நாளைக்கும் கொஞ்சம் லேட்டா வாங்களேன்."