நேராகக் கேட்கத் தெரியாத பெண்

"உங்க பொண்ணு யார்கிட்டயும் நேரா பேச மாட்டேங்கிறா சார். ரப்பர் வேணும்னாகூட பக்கத்துப் பிள்ளைகிட்ட, 'அவகிட்ட கேட்டுச் சொல்லு'ங்கறா. கிளாஸே கிண்டல் பண்ணுது. நேத்து பாத்ரூம்ல நின்னு அழுதிருக்கா."

டீச்சர் சொன்னதும் கண்டக்டருக்குச் சுருக்கென்றது. தினம் ஆயிரம் பேரிடம் வாயாடிப் பிழைக்கிறவன் அவன். அவன் பெண்ணுக்கா வாய் இல்லை? உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் சரியில்லை என்று எகிறினான்.

டீச்சர் மல்லுக்கு நிற்கவில்லை. இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வராது, நாலு பேர் பேசிப் பழகுவதைப் பார்த்தால்தான் வரும் என்றார்.

பார்க்கத்தானே வேண்டும்? சனிக்கிழமை மகளைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டான்.

முன் சீட்டில் உட்கார்ந்து, ஏழு வயசுக் குட்டி கண்கொட்டாமல் பார்த்தாள். ஒருவர் இடம் கேட்டார், இன்னொருவர் நகர்ந்தார். காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டான், மிதிபட்டவள் பரவாயில்லை என்றாள்.

"படியில நின்னா பாதி டிக்கெட்னு யாரு சொன்னது? உள்ள வாங்க சாமி," என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. குட்டியும்.

நாலாவது டிரிப்பில், பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் அவளே கேட்டாள். "ஆன்ட்டி, கொஞ்ச நேரம் நான் ஜன்னல் பக்கம் உக்காரட்டுமா?"

கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். விசில் ஊத மறந்து டிரைவரிடம் திட்டு வாங்கினான். வீட்டுக்குப் போனதும் இதை மனைவியிடம் சொல்லவேண்டும். கேட்டால் கண் சுருங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எட்டு மாசம் ஆகிறது.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளி நின்று, அவன் மகளைக் கூப்பிட்டான்.

"குட்டி, பஸ்ல நீ பேசினதை அம்மாகிட்ட சொல்லு. அப்படியே, அப்பா டீ கேட்டாருன்னு சொல்லு."

குட்டி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா இங்கதானே இருக்காங்க. நீங்களே கேளுங்கப்பா."

குழாய் நின்றது. மனைவி திரும்பவில்லை. ஆனால் கழுவவும் இல்லை. அவளும் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"டீ வேணாம்னு சொல்லிடு," என்றான், குட்டியிடம்.