மொட்டை மாடிச் சாவி

“சாவியை மேஜை மேல வச்சிடுங்க தம்பி. போலீஸ் கீலீஸ்னு போக வேண்டாம்னு பார்க்கறேன்” என்றார் செக்ரட்டரி.

மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குடியிருப்பின் கூட்ட அறையில் இத்தனை பேரை அவர் பார்த்ததே இல்லை. லிஃப்ட் கெட்டுப்போய் எல்லாரும் மூச்சு வாங்க மாடியேறிய காலத்தில்கூட நாலு பேருக்கு மேல் வந்ததில்லை. இன்றைக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறார்கள்.

வந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு டெலஸ்கோப். அதன் வாய் வானத்தைப் பார்க்காமல், எதிர்க் கட்டடத்தில் தனியாக இருக்கும் டீச்சரின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

செக்ரட்டரியே மாடிக்குப் போய் எடுத்த போட்டோ, செல்போனோடு கைமாறிக் கைமாறி வந்தது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

“அது தானா சாயுது சார்” என்றார் மருந்துக்கடைக்காரர். “ராத்திரி நேரா நிமிர்த்தி, உறை போட்டு மூடிட்டுத்தான் கீழ வரேன். மறுநாள் போனா சாய்ஞ்சு கிடக்கு. திருகு தேஞ்சு போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டினேன். அப்பவும் சாயுது. ஃபோகஸும் கலைஞ்சு போகுது. என்ன கோளாறுன்னே புரியலை.”

“சாயறதும் பார்த்து, சரியா ஜன்னல் பக்கமா சாயுது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அறையே சிரித்தது.

“நான் சனி கிரகத்தைத்தான் பார்க்கறேன். இப்ப அதோட வளையம் நல்லாத் தெரியற சமயம்.”

“சனி யாரைப் பிடிச்சிருக்குன்னு இப்பத்தான் தெரியுதே.”

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே பேசினார்.

“அந்தக் குழாய் என் ஜன்னலைப் பார்த்து இருந்ததை என் கண்ணால பார்த்தேன். அன்னையிலேர்ந்து திரையை விலக்கறதில்லை. விளக்குப் போடவே கூச்சமா இருக்கு. என் வீட்டுல நடமாட எனக்கே பயம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செக்ரட்டரியின் மனைவி அவர் தோளில் கை வைத்து, “அழாதீங்கம்மா” என்றார்.

மருந்துக்கடைக்காரருக்கு மற்றவர்களின் சிரிப்பைவிட இதுதான் சுட்டது. பெண்கள் குரலைத் தாழ்த்தி மருந்து கேட்டு வாங்கிப் போகும் கடை அவருடையது. அந்த நம்பிக்கையில்தான் கடையே ஓடுகிறது. நாளைக்கு யார் அந்தப் படியேறுவார்கள்?

“டீச்சர், சத்தியமா நான் இல்லை” என்றார்.

“நீங்க இல்லைன்னா வேற யாரு?” செக்ரட்டரி எழுந்து நின்றார். “மாடிக்கு இருக்கறதே ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட. இன்னொண்ணு, தண்ணித் தொட்டியைப் பார்க்கறதுக்காக என்கிட்ட. அப்ப நான்தான் திருப்பி வச்சேன்னு சொல்ல வர்றீங்களா? பேத்தி எடுத்தவன் தம்பி நான். அந்தக் கருமத்தை ஒரு நாளும் தொட்டது கிடையாது. அதுக்குள்ள கண்ணை வச்சுப் பார்த்ததும் கிடையாது.”

“ஐயோ, உங்களைச் சொல்வேனா சார்” என்று பதறினார் மருந்துக்கடைக்காரர். “நான் சொல்றது என்னன்னா, அது வீட்டுக்குள்ள பார்க்கறதுக்கான கருவியே இல்லை. பக்கத்துல இருக்கறதைப் பார்க்கறதுக்கு அது தோதுப்படாது.”

“யாருக்குக் காது குத்தறீங்க? டீச்சர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துல முள்ளு முதக்கொண்டு தெரியும். தலைகீழாத் தெரிஞ்சா என்ன, மணி பார்க்க முடியாதா? பேசிப் பிரயோஜனம் இல்லை. டெலஸ்கோப் மாடியிலேர்ந்து இறங்கணும், சாவி இங்க வரணும். சரிங்கறவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. எண்ண வேண்டிய தேவையே இல்லை.

மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினார்.

“ஒரு நிமிஷம் தம்பி” என்றார் செக்ரட்டரியின் மனைவி. “அதுல தலைகீழாவா தெரியும்?”

கூட்டத்தில் அவரை மனிதராக மதித்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. நின்று பதில் சொன்னார்.

“ஆமாம்மா. அது கோளாறு இல்லை, இந்த வகை டெலஸ்கோப்புல எல்லாமே அப்படித்தான். வானத்துக்கு மேல் கீழ் ஏது? அதனால யாரும் நேராக்கிப் பார்க்கணும்னு மெனக்கெடறதில்லை.”

“போட்டோல அதெல்லாம் தெரியாதில்ல?”

“எப்படித் தெரியும்? வெறும் குழாய்தானே தெரியுது. கண்ணை வச்சுப் பார்க்கணும்.”

“இங்க யாருகிட்டயாவது நீங்க சொன்னதுண்டா?”

“யாரும்மா கேட்டாங்க? நிலா பார்க்க வாங்கன்னு கீழ போர்டுலகூட எழுதிப் போட்டேன். ஒருத்தரும் வரலை.”

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. செக்ரட்டரி தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார்.

அவர் மனைவி எழுந்து மேஜைக்கு வந்தார். அங்கே கிடந்த சாவியை எடுத்து மருந்துக்கடைக்காரரின் கையில் கொடுத்தார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, உங்க சாவியை மேஜை மேல வச்சிடுங்க.”