மூன்றாவது டைம் அவுட்

பயிற்சியாளர் கபடிக் களத்துக்குள் இறங்கிவிட்டார்.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் உள்ளே வரக்கூடாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறார்.

பாடிப் போன அவருடைய ஆள் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டான். நடுவர் விசில் ஊதி அவுட் என்றார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டு அணியும் சமநிலை.

குதிகால் தடம் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே பளிச்சென்று கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

"எப்பா, எங்க தாண்டுனான்? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

கூட்டம் சிரித்தது. பாதிப்பேர் இதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.

அணிக்கு இரண்டு டைம் அவுட். இரண்டும் தீர்ந்த பிறகு பையன்கள் மூச்சு வாங்க அவர் கண்டுபிடித்த வழி இது. அவர் கத்துவார், நடுவர் கத்துவார், அதற்குள் பையன்கள் தண்ணீர் குடித்துவிடுவார்கள். பாயிண்ட் யாருக்கு வேண்டும்?

ஆடிய காலத்தில் கையால் போட்ட சண்டையை இப்போது வாயால் போடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். கோணிப்போன மூக்கு அந்தக் காலத்துச் சம்பாத்தியம்.

நடுவர் இளவயதுக்காரர், புதியவர். பயிற்சியாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரிங்கய்யா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பாயிண்டைக் கொடுத்துவிட்டார்.

இப்படி ஒன்று அவர் வாழ்நாளில் நடந்ததில்லை.

எதிரணிப் பையன்கள் கொதித்துப்போய் ஓடி வந்தார்கள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர்களுடைய பயிற்சியாளர் குறுக்கே கையை நீட்டினார்.

"விடுங்கலே. பெரிய மனுசன், மேலுக்கு முடியாம இருக்காரு."

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்கள்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

பவுல்ராஜ் இருந்திருந்தால் விட்டிருப்பானா? ஊர் ஊராக நடுவராக வந்து, ஒவ்வொரு ஊரிலும் அவரைக் களத்தைவிட்டுத் துரத்தியவன். போன மாசியில் செத்துப்போனான். அடக்கத்துக்குப் போனவர், எல்லோரும் கலைந்த பிறகும் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவரிடம் மல்லுக்கு நிற்க ஆளில்லை. மனைவி மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். போனில் அவர் எதைச் சொன்னாலும் சரி சரி என்கிறாள்.

இத்தனை பேர் சுற்றி நிற்கும் மைதானத்தின் நடுவில் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"அவன் அவுட்டுதான்," என்றார் நடுவரிடம். "குடுத்த பாயிண்ட திருப்பி எடு. என்னய வெளிய போவச் சொல்லு."

நடுவர் சங்கடமாகச் சிரித்தார்.

இனி ஒரே வழிதான் உண்டு. ஓர் எட்டு முன்னால் வைத்தார். நடுவரின் நெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினார். தன்னிடம் இருந்த பலம் முழுவதையும் கூட்டித் தள்ளினார். இதற்கு ஆயுள் தடையே விதிக்கலாம்.

நடுவர் அசையவில்லை. சட்டென்று அந்த இரண்டு கைகளையும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துங்கய்யா, பாத்து," என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "யாராச்சும் ஒரு சேர் கொண்டாங்க."