காற்று நுழையும் சுவர்

வாசலில் ஜீப் ஹாரன் அலறியது. தொட்டில்களில் பாதி அழத் தொடங்கின.

“இடிக்க வந்துட்டாங்க டிலானி! பிள்ளைங்கள பாத்துக்க!” என்று உதவிக்காரியிடம் கத்திவிட்டு, வாசலை மறித்து நின்றாள் திரேசா. கரவனெல்லைக்கு மேலேயுள்ள அந்த ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பில்தான் இருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஒரு முதியவர். கையில் அளவு நாடா.

“இதை வச்சிருக்கலாமா, இடிச்சிட்டுப் புதுசு கட்டலாமான்னு கம்பனி என்னைக் கேட்டிருக்கும்மா.”

“சண்டை நின்னதும் புதுசு கட்டுற ஆசை வந்துடுச்சாக்கும்! நீங்க கட்டப்போறது தகரக் கூரையும் நாலு செவருந்தானே? பிள்ளைங்க வெந்து போயிடும். உள்ள வந்து பாருங்க சார்!”

உள்ளே பூவேலை இல்லை, வண்ணம் இல்லை. வெறும் கொங்கிரீட். ஆனால் துளைக்கல் சுவர் வழியாக ஆற்றுக் காற்று வந்து தொட்டில்களை ஆட்டியது. நடு முற்றத்தின் வெளிச்சம், குழந்தைகளின் கண்ணில் குத்தாமல் தரையில் பரவிக் கிடந்தது.

“சன்னல் எவ்வளவு கீழ இருக்கு பாத்தீங்களா? தவழுற பிள்ளைக்கும் மலை தெரியும். அம்மா எறங்கி வர்றதக் கண்டா அழுகைய நிறுத்திடும்.”

“நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க.”

“மொதல்ல எங்க சனம் சிரிச்சாங்களாம் சார். கட்டுனவரு பூச்சும் பூசாம, செவத்துல ஓட்டைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு. அடமழைக்கும் ஒரு சொட்டு உள்ள வரலயாம். வாய மூடிக்கிட்டாங்க!”

முதியவர் சிரித்தார்.

“கொழும்புல பெரிய ஆபீசு ஒண்ணு பாத்தேன். இதே ஓட்டக்கல்லு, இதே நடுமுத்தம். இதுல பழகித்தான் அங்க கட்டுனாராம். நம்ம வீட்டுப் பிள்ளை டவுன்ல பெரிய ஆளான மாதிரி இருந்துச்சு.”

“கட்டினது யாரும்மா?”

“ஸ்ரீதரன் ஐயா. எம்பத்திமூணு கலவரத்துல வீட்டோட எரிச்சிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. அவரு இந்துதான். இருந்தாலும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இந்த வாசல்ல அவருக்கு மெழுகுவத்தி கொளுத்திச் செபம் சொல்றோம்.” திரேசா வாசற்படியைக் காட்டினாள். “அவரு மட்டும் இருந்து, இடிக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கம்பனி கேக்கும் சார்.”

முதியவர் சுவரை மெல்லத் தடவினார். அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

“அந்த வார்த்தையச் சொல்லத்தான் இப்பப் போறேன். ஆனா, வர்ற கல்லறைத் திருநாளுக்கு எனக்கு மெழுகுவர்த்தி வேணாம்மா.”