விரல் பாடம்

"வாயைத் திறந்து பேசுடி! இந்த வீட்ல ஒரு ஊமை போதாதா?"

கண்ணாடி முன் நின்று விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த மகள், அம்மாவின் அதட்டலில் திரும்பினாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிடித்த ஒன்றை ஒரு மாதம் வீட்டில் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் ஓவியம், சதுரங்கம் என்று போக, இவள் பிடித்துக்கொண்டது சைகை மொழி.

"வாய்ப்பாட்டுல ஏழுக்கு மேல தடுமாறுது. இது எதுக்குடி உதவும்?"

"உதவும்மா."

வீட்டின் இன்னொரு ஊமை, முதுகைக் காட்டி ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தறி ஆலையில் பதினாறு வருட வேலை. ஊர்க்கதை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்த மனுஷன், ஆறு மாதமாக வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். எது கேட்டாலும் ஒரு 'ம்'. சீப்பு கேட்டால் சோப்பை எடுத்து வந்து நீட்டுவார். வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று மனைவிக்கு ஆத்திரமாக வரும்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்? என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்!"

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

அவ்வளவுதான். அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அறைக்குள் போய், பெட்டியை இறக்கி, அழுதுகொண்டே துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். பத்து வருடக் குடித்தனம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

மகள் நோட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு இதை டீச்சர்கிட்ட கொடுக்கணும். கையெழுத்துப் போடும்மா."

"உங்கப்பாகிட்டப் போ. அவரும் ஏதாவது ஒரு வேலை பாக்கட்டும்."

"அப்பா பாக்க வேணாம்மா. வருத்தப்படுவாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். 'இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?' என்ற கேள்விக்குக் கீழே, பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'அப்பாவுக்குப் பின்னால் நின்று பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவருக்குக் கேட்கவில்லை. அம்மா அழுவதும் கேட்கவில்லை.'