கொட்டகலைப் படம்

அரவேணுவில் என் ஜெராக்ஸ் கடைக்கு மழை சொட்டும் குடையோடு வந்த தெய்வம்மா, ஸ்டூலில் உட்கார்ந்து, விலை கேட்காமலே பென்டிரைவை நீட்டினார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதில் 'கொட்டகலை' என்ற ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தன. எது வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு படந்தானே தம்பி? மகன்தான் இதுல ஏத்திக் குடுத்தான். சிலோன்ல, கொட்டகலைத் தோட்டத்துல, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. படத்துல இருக்கிற ஆளுக்குத்தான் இந்தியாவுக்குக் கப்பல்."

"உங்க மகன் ரெண்டு கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாருங்க. ஒண்ணு 'கொ'வை முழுசா வெக்கும், இன்னொண்ணு கொம்பையும் காலையும் பிரிச்சு வெக்கும். நம்ம கண்ணுக்கு ஒரே பேரு, மெஷினுக்கு ரெண்டு. சரக்கு ஒண்ணுதானுங்க."

முதல் படத்தில் அப்பா, அம்மா, நடுவில் சிறுமி தெய்வம்மா. இரண்டாவதிலும் அதே அப்பா, அதே அம்மா. நடுவில் மட்டும் வேறு சிறுமி. புருவத்தில் வெட்டுத் தழும்பு.

தெய்வம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்கக்கா. சின்னம்மைன்னு பேரு. படம் புடிக்கிறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல செத்துட்டா. தேயிலைக்குள்ளதான் பொதச்சோம். அழிச்சிருங்க தம்பி!"

இரண்டாவதை அழித்தேன். மிஞ்சியதைத் திறந்தேன். தழும்புக்காரச் சிறுமி என்னைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க, மாத்தி அழிச்சிட்டேன்" என்று திரும்பினேன்.

ஸ்டூலில் அதே சேலை, மழை சொட்டும் அதே குடை. புருவத்தில் தழும்போடு ஒரு கிழவி சிரித்தார்.

"எதை அழிச்சீங்க? நான் ஒரு படந்தானே தம்பி கொண்டாந்தேன்?"